வெளிநாட்டிலிருந்து சில தளங்கள் திறக்கவில்லை: 1009, 451, டைம் அவுட், சான்றிதழ் எச்சரிக்கை

கடற்காகம் கேட்டது:

வணக்கம். சில வாரப் பயணமாக வெளிநாட்டில் இருக்கிறேன். வழக்கமாகத் திறக்கும் தளங்களில் நான்கைந்து இங்கே திறக்க மறுக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரிப் பிழையாக இருந்தால் இணைப்புக் கோளாறு என்று விட்டிருப்பேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.

வங்கித் தளம்: "ஆக்சஸ் டினைடு", பிழை எண் 1009. இலவச வி.பி.என். (வேறொரு சர்வர் வழியாக இணையத்துக்குள் போகவைக்கும் செயலி) ஒன்றைப் போட்டுப் பார்த்தால் எண் மட்டும் 1005 ஆகிறது.

காப்பீட்டுத் தளம்: எந்தச் செய்தியும் இல்லை. நெடுநேரம் சுற்றிவிட்டு "கனெக்‌ஷன் டைம்ட் அவுட்".

ஒரு செய்தித் தளம்: பிழை 451.

விடுதி வைஃபையில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் எச்சரிக்கை. மீறிச் செல்லும் பொத்தானே சில தளங்களில் இல்லை.

இவை போதாதென்று, இரண்டாம் கட்டச் சரிபார்ப்புச் செயலி காட்டும் ஆறு இலக்க எண்ணை மடிக்கணினியில் போட்டால் தவறு என்கிறது.

கருவிகள்: விண்டோஸ் 11 மடிக்கணினி, ஆண்ட்ராய்டு 14 போன். போனில் இரண்டு சிம். சொந்த நாட்டு சிம்மில் அழைப்புக்கு மட்டும் ரோமிங், டேட்டா அணைத்திருக்கிறது. டேட்டாவுக்குப் பயண இ-சிம். குக்கீகளை முழுக்க அழித்துவிட்டு முயலலாமா?

—

இணைப்பாளன்:

குக்கீகளில் கை வைக்காதீர்கள். காரணத்தை மற்ற நண்பர்கள் சொல்வார்கள். முதலில் பிழைகளைப் படிப்போம்.

ஒரு பக்கம் திறக்க உங்கள் கருவி, வைஃபை அல்லது சிம் நிறுவனம், இடையிலிருக்கும் பாதுகாப்புச் சேவை, கடைசியில் தளத்தின் சர்வர் என நான்கு பேர் ஒத்துழைக்க வேண்டும். மறுத்தவர் யார் என்பது பிழைச் செய்தியிலேயே பெரும்பாலும் இருக்கிறது. அதைப் படிக்காமல் பிரவுசரை மாற்றுவது, போனை அணைத்துப் போடுவது எல்லாம் நேர விரயம்.

1009, 1005 இரண்டும், தளங்களுக்கு முன்னால் நின்று காக்கும் கிளவுட்ஃபிளேர் என்ற சேவை தரும் எண்கள். வங்கியின் சர்வர்வரை உங்கள் கோரிக்கை போகவே இல்லை. வாசலில் நிற்கும் கிளவுட்ஃபிளேரே, வங்கி எழுதிவைத்த விதிப்படி திருப்பி அனுப்பிவிட்டது. 1009 என்றால் உங்கள் ஐ.பி. முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பின் அடையாள எண்) இருக்கும் நாடு தடைப்பட்டியலில் உள்ளது. 1005 என்றால் அந்த ஐ.பி. எந்த நெட்வொர்க்குக்குச் சொந்தமோ அந்த நெட்வொர்க் முழுவதும் தடை. இலவச வி.பி.என்.கள் டேட்டா சென்டர்களில் வாடகைக்கு எடுத்த முகவரிகளில் ஓடுகின்றன. வீட்டு இணைப்பில் இருக்கும் வாடிக்கையாளர் டேட்டா சென்டரிலிருந்து வர வாய்ப்பில்லை என்பதால் வங்கிகள் அந்த நெட்வொர்க்குகளை மொத்தமாக மூடிவிடுகின்றன. நாட்டுத் தடையைத் தாண்டி நெட்வொர்க் தடையில் மாட்டினீர்கள், அவ்வளவுதான். இதே வரிசையில் 1006 வந்தால் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் தடை. 1015 வந்தால் குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறிக் கோரிக்கை போயிருக்கிறது. 1020 வந்தால் தள உரிமையாளர் எழுதிய வேறு ஏதோ ஃபயர்வால் விதியில் சிக்கியிருக்கிறீர்கள். விமான நிலைய வைஃபையில் நூற்றுக்கணக்கானோர் ஒரே ஐ.பி.க்குப் பின்னால் இருப்பதால், நீங்கள் எதுவும் செய்யாமலேயே 1015-உம், அதே பொருள் கொண்ட 429-உம் வரும். அதற்கு மருந்து வேறு இணைப்புக்கு மாறுவது அல்லது பொறுத்திருப்பது.

521, 522, 523 வந்தால் கதை வேறு. கிளவுட்ஃபிளேருக்கும் தளத்தின் சர்வருக்கும் இடையில்தான் சிக்கல். அங்கே நீங்கள் செய்ய எதுவும் இல்லை, காத்திருங்கள்.

காப்பீட்டுத் தளத்தின் டைம் அவுட் இதைவிடத் தொல்லை. அங்கே ஃபயர்வால் மறுப்புக்கூடச் சொல்லாமல் வெளிநாட்டுப் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, சத்தமில்லாமல் கீழே போட்டுவிடுகிறது. அரசுத் தளங்களும் காப்பீடு, ஓய்வூதியத் தளங்களும் இப்படிச் செய்வது வழக்கம். பதிலே வராததால் பிரவுசர் காத்திருந்து சலித்து டைம் அவுட் என்கிறது. தளம் உண்மையில் படுத்துவிட்டதா, உங்களுக்கு மட்டும் பூட்டா என்று பிரித்தறிய ஒரே நம்பகமான வழி, சொந்த நாட்டில் இருக்கும் யாரையாவது அதே நேரத்தில் திறந்து பார்க்கச் சொல்வது.

"கனெக்‌ஷன் ரீசெட்" என்று உடனே வெட்டினால், வழியில் ஒரு கருவி இணைப்பைத் துண்டித்திருக்க வாய்ப்பு அதிகம். நாடு தழுவிய தணிக்கை உள்ள இடங்களில் இது சகஜம். "நேம் நாட் ரிசால்வ்டு" என்றால், தளப் பெயரை ஐ.பி. எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். அந்தப் பெயரையே கண்டுபிடிக்கவில்லை. டி.என்.எஸ்.ஸில் பயணிகள் அடிக்கடி தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு: வீட்டு இணைய நிறுவனத்தின் டி.என்.எஸ். முகவரியை மடிக்கணினியில் கையால் பதித்து வைத்திருந்தால், அந்த சர்வர் தன் வாடிக்கையாளர் வலைக்கு வெளியிலிருந்து வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லாது. வெளிநாட்டில் எந்தத் தளமும் திறக்காது. அமைப்பைத் தானியங்கிக்கு மாற்றினால் தீர்ந்தது.

இப்போது உங்கள் வேலைக்கு வருவோம். சொந்த நாட்டு சிம்மில் டேட்டா ரோமிங்கைச் சற்று நேரம் திறந்து, வைஃபையை அணைத்து, டேட்டா சிம்மாக அதைத் தேர்ந்தெடுத்து வங்கித் தளத்தைத் திறவுங்கள். ரோமிங் டேட்டா பெரும்பாலும் சொந்த நாட்டு நிறுவனத்தின் கேட்வே என்ற இணைய வாசல்வரை சுரங்கம் போலக் கொண்டுசெல்லப்பட்டு அங்கிருந்துதான் இணையத்துக்குள் இறங்குகிறது. நீங்கள் எந்த நாட்டில் நின்றாலும் தளத்தின் கண்ணுக்கு உங்கள் ஐ.பி. சொந்த நாட்டு மொபைல் ஐ.பி. தான். டேட்டா சென்டர் முகவரி என்ற சந்தேகமும் இல்லை.

பயண இ-சிம் அப்படி இல்லை. அதை வெளியிட்ட நிறுவனத்தின் கேட்வே எங்கே இருக்கிறதோ அந்த நாட்டு ஐ.பி. கிடைக்கும். நீங்கள் நிற்கும் நாடும் இல்லை, சொந்த நாடும் இல்லை, சம்பந்தமே இல்லாத மூன்றாவது நாடாகக்கூட இருக்கும். "இந்த நாடு தடைப்பட்டியலில் இருக்கக் காரணமே இல்லையே" என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் இ-சிம்மில்தான் இருக்கிறார்கள்.

தளம் உங்களை எந்த நாட்டில் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி: கிளவுட்ஃபிளேருக்குப் பின்னால் இருக்கும் ஏதாவது ஒரு தளத்தின் முகவரிக்குப் பிறகு சாய்கோடு, சி.டி.என்., சிறுகோடு, சி.ஜி.ஐ., சாய்கோடு, ட்ரேஸ் என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடைவெளியின்றித் தட்டுங்கள். வெறும் எழுத்தாகச் சில வரிகள் வரும். 'ஐ.பி.' வரியில் உங்கள் முகவரி, 'லோக்' வரியில் நாட்டின் இரண்டெழுத்துக் குறி, 'கோலோ' வரியில் உங்களுக்குப் பதில் சொன்ன டேட்டா சென்டருக்கு அருகிலுள்ள விமான நிலையக் குறி. வைஃபை, இ-சிம், ரோமிங் மூன்றிலும் இதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

—

வடகாற்று:

வைஃபை சான்றிதழ் எச்சரிக்கை பற்றி நான் சொல்கிறேன்.

விடுதி வைஃபை, உள்நுழைவுப் பக்கத்தில் அறை எண்ணோ பெயரோ கொடுக்கும்வரை எல்லாப் போக்குவரத்தையும் தன் பக்கம் திருப்பும். பழைய எச்.டி.டி.பி. முகவரியைத் திறந்தால் இந்தத் திருப்பல் ஒழுங்காக நடக்கும். எச்.டி.டி.பி.எஸ். முகவரியைத் திறந்தால், வங்கியின் பெயர் கேட்ட பிரவுசருக்கு விடுதி ரவுட்டரின் சான்றிதழ் கிடைக்கிறது. பெயர் பொருந்தவில்லை என்று பிரவுசர் கூச்சலிடுகிறது. அதன் வேலையை அது சரியாகவே செய்கிறது. மீறிச் செல்லும் பொத்தான் இல்லாத தளங்கள் எச்.எஸ்.டி.எஸ். என்ற கட்டாயப் பாதுகாப்பை இயக்கி வைத்திருப்பவை. பொத்தான் இருந்தாலும் வங்கித் தளத்தில் ஒருபோதும் மீறிச் செல்லாதீர்கள்.

உள்நுழைவுப் பக்கத்தை வரவழைக்க: முதலில் வி.பி.என்.ஐ அணையுங்கள். "எப்போதும் இயக்கத்தில் வை" என்ற விருப்பமும், வி.பி.என். இல்லாதபோது இணைப்பைத் தடு என்ற விருப்பமும் இருந்தால் அவையும் அணைய வேண்டும். இல்லையென்றால் உள்நுழைவுப் பக்கமும் தடைபடும், வி.பி.என்.னும் இணையாது, முட்டுச்சந்து. அடுத்து போனில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதியில் 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்ற வரியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் இது உண்டு. அதில் ஒரு சர்வர் பெயரைப் பதித்திருந்தால் 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். பெயர் பதித்த நிலையில் போன் 853 போர்ட் (இணைப்பு வாசல் எண்) வழியே அந்த சர்வரைத்தான் கேட்கும். உள்நுழைவதற்கு முன் விடுதி அதை விடாது.

அப்படியும் பக்கம் வரவில்லையா? நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்ற தளம் இதற்கென்றே எச்.டி.டி.பி.யில் வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் திறவுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் 'ஐ.பி.கான்ஃபிக்' கொடுத்து, 'டீஃபால்ட் கேட்வே' என்று காட்டும் எண்ணைப் பிரவுசரில் நேராகத் தட்டுங்கள்.

உள்நுழைந்த பிறகும் எல்லாத் தளங்களிலும் எச்சரிக்கை தொடர்ந்தால் அது வேறு விவகாரம். பூட்டுக் குறியைத் தட்டிச் சான்றிதழை யார் வழங்கியது என்று பாருங்கள். வழக்கமான சான்றிதழ் நிறுவனத்துக்குப் பதிலாக ஏதோ ஃபயர்வால் கருவியின் பெயரோ விடுதியின் பெயரோ இருந்தால், அந்த வலை உங்கள் போக்குவரத்தைப் பிரித்துப் படிக்க முயல்கிறது. அங்கே கடவுச்சொல் எதையும் தட்ட வேண்டாம்.

ஆறு இலக்க எண் தவறு என்பதற்குக் காரணம் கடிகாரம். அந்த எண் 30 விநாடிக்கு ஒருமுறை உலகப் பொதுநேரத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நேர மண்டலத்தை மாற்றினால் எதுவும் ஆகாது. மண்டலத்தை அப்படியே விட்டுவிட்டு, உள்ளூர் நேரம் வரும்படி கடிகார முள்ளை மட்டும் கையால் நகர்த்தினால் போன் கணக்கிடும் பொதுநேரம் சில மணி நேரம் பிசகிவிடும். சர்வர்கள் வழக்கமாக முன்னும் பின்னும் ஒரு 30 விநாடிதான் சலுகை தருகின்றன. போனில் நேரம், மண்டலம் இரண்டையும் தானியங்கியாக்குங்கள். மடிக்கணினியில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதியில் 'டேட் அண்ட் டைம்' போய் 'சிங்க் நவ்' அழுத்துங்கள். சில விடுதி வலைகள் நேர ஒத்திசைவுக்கான 123 போர்ட்டை மூடி வைத்திருக்கும். அப்போது போன் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை ஒத்திசைத்தால் போதும்.

கடிகாரம் சில மணி நேரம் தவறினால் சான்றிதழ்ப் பிழை வருவது அரிது. நாள்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தவறினால்தான் "சான்றிதழ் தேதி செல்லாது" என்று வரும். ஆனால் அலுவலகக் கணக்குகளின் உள்நுழைவு முறைகள் சில, ஐந்து நிமிடத்துக்கு மேலான பிசகை ஏற்பதில்லை.

—

மறைகுறி:

குக்கீ கேள்விக்கு வருகிறேன். இணையச் சிக்கல் என்றாலே "குக்கீயை அழி" என்று எல்லா உதவிப் பக்கங்களும் சொல்கின்றன. வெளிநாட்டில் இருக்கும்போது அது ஆபத்தான அறிவுரை என்பது என் உறுதியான கருத்து.

"இது நம்பிக்கைக்குரிய கருவி" என்று வங்கியோ மின்னஞ்சலோ போட்ட அடையாளம் அந்தக் குக்கீயில்தான் இருக்கிறது. அதை அழித்தால் புதுக் கருவி, புது நாடு, புது ஐ.பி. மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்து, திருட்டு முயற்சி என்றே அவர்களின் அமைப்பு முடிவு கட்டும். அடுத்து எஸ்.எம்.எஸ். கேட்கும், அது வராது, கணக்கு பூட்டப்படும். இன்னும் உள்நுழைந்த நிலையில் இருக்கும் எந்தக் கணக்கிலிருந்தும் திரும்பும்வரை வெளியேறாதீர்கள்.

குக்கீயால்தான் சிக்கலா என்று சோதிக்க வேண்டுமானால் தனிச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) அதே முகவரியைத் திறந்து பாருங்கள். அங்கும் அதே பிழை என்றால் குக்கீக்குச் சம்பந்தமில்லை. அங்கே மட்டும் திறந்தால், அந்த ஒரு தளத்தின் குக்கீயை மட்டும் அழிக்கலாம். 1009-க்கும் 451-க்கும் குக்கீ ஒருபோதும் காரணமாகாது.

எஸ்.எம்.எஸ். பற்றியும் சொல்லிவிடுகிறேன், அடுத்து அதில்தான் நிற்பீர்கள். சொந்த நாட்டு சிம் இயக்கத்தில், ரோமிங் வலையில் பதிவாகி இருக்க வேண்டும். டேட்டா தேவையில்லை. பதிவாகாமல் நின்றால், நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றி வேறொரு உள்ளூர் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் நிறுவனம் வைஃபை அழைப்பை வெளிநாட்டிலும் அனுமதித்தால், விமானப் பயன்முறையில் வைஃபையை மட்டும் இயக்கினாலே எஸ்.எம்.எஸ். வந்துவிடும். குறியீடு வரவில்லை என்று மீண்டும் மீண்டும் அனுப்பச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு புதுக் குறியீடும் முந்தையதைச் செல்லாததாக்குகிறது. தாமதமாக வரும் பழையதைத் தட்டித் தட்டித்தான் பலர் கணக்கைப் பூட்டிக்கொள்கிறார்கள்.

451 தனி ரகம். சட்டக் காரணத்தால் தரவில்லை என்று தளமே ஒப்புக்கொள்ளும் குறியீடு அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்தபோது, அதற்கு இணங்கும் செலவைத் தவிர்க்க ஐரோப்பிய வாசகர்களையே மூடிவிட்ட அமெரிக்கச் செய்தித் தளங்கள் உண்டு. உங்கள் இ-சிம்மின் ஐ.பி. ஐரோப்பாவில் இறங்குகிறதா என்று இணைப்பாளன் சொன்ன முறையில் பாருங்கள்.

—

கடற்காகம்:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி ஒவ்வொன்றாக மாற்றினேன்.

'லோக்' வரியில் வைஃபை இந்த நாட்டையும், இ-சிம் ஒரு ஐரோப்பிய நாட்டையும், சொந்த சிம் ரோமிங் சொந்த நாட்டையும் காட்டுகின்றன. ரோமிங்கில் வங்கி, காப்பீடு, செய்தித் தளம் மூன்றும் திறந்தன. பிரைவேட் டி.என்.எஸ்.ஸை மாற்றியதும் விடுதியின் உள்நுழைவுப் பக்கம் வந்தது, எச்சரிக்கை நின்றது. கடிகாரத்தை ஒத்திசைத்ததும் ஆறு இலக்க எண்ணும் சரி.

இரண்டு கேள்விகள் பாக்கி. ரோமிங் டேட்டா கட்டணம் அதிகம். குறைவாகச் செலவழிக்க என்ன செய்வது? மற்றொன்று, அலுவலக வி.பி.என். விடுதி வைஃபையில் இணைகிறது, ஆனால் சில தளங்கள் மட்டும் பாதி வந்து நிற்கின்றன. தேடல் பக்கம் வருகிறது, பெரிய பக்கங்கள் வெள்ளையாகவே இருக்கின்றன. பிழை எண் எதுவும் இல்லை.

—

பாலைநிழல்:

சிறியது வருகிறது, பெரியது தொங்குகிறது, பிழையும் இல்லை என்றால் அது பெரும்பாலும் எம்.டி.யு. (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) சிக்கல்.

சாதாரண இணைப்பில் ஒரு பாக்கெட் 1500 பைட்வரை போகலாம். வி.பி.என். தன் தலைப்பைச் சேர்ப்பதால் உள்ளே இருக்கும் இடம் குறைகிறது. வயர்கார்டு என்ற வி.பி.என். முறை இதற்காகவே பொதுவாக 1420 வைக்கிறது. விடுதி வலையின் சொந்த எல்லை 1500-க்கும் கீழே இருந்தால், பெரிய பாக்கெட் எங்கோ ஒரு ரவுட்டரில் நுழைய முடியாமல் விழும். "அளவைக் குறை" என்று அந்த ரவுட்டர் ஐ.சி.எம்.பி. என்ற வலை அறிவிப்புச் செய்தி திருப்பி அனுப்ப வேண்டும். பல விடுதி ஃபயர்வால்கள் இவ்வகை ஐ.சி.எம்.பி. செய்திகளை அடைத்து வைப்பதால் அந்தச் செய்தி வந்துசேராது. அனுப்பியவர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பார். உங்களுக்குத் தெரிவது வெள்ளைப் பக்கம்.

சோதனை: வி.பி.என்.ஐ அணைத்து, விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் 'பிங்' கட்டளையோடு "துண்டாக்காதே" என்பதற்கான சிறுகோடு எஃப், அளவுக்கான சிறுகோடு எல் இரண்டும் கொடுத்து 1.1.1.1-க்கு அனுப்புங்கள். அளவு 1472-இல் தொடங்குங்கள். அதோடு 28 பைட் தலைப்புச் சேர்ந்து 1500 ஆகும். பதில் வராவிட்டால் 1400, 1350 எனக் குறையுங்கள். பதில் வரும் மிகப் பெரிய எண்ணோடு 28 கூட்டினால் அந்த வலையின் எம்.டி.யு. அதிலிருந்து மேலும் 80 கழித்ததை வி.பி.என்.னின் எம்.டி.யு. ஆக வையுங்கள். கணக்குப் போட நேரமில்லையென்றால் 1280 போடுங்கள். ஐ.பி.வி.6 செல்லும் எந்தப் பாதையும் அந்த அளவைத் தாங்கியாக வேண்டும் என்பது விதி, அதனால் அனேகமாக எங்கும் ஓடும். வேகம் சற்றுக் குறையும்.

அலுவலக வி.பி.என். செயலியில் எம்.டி.யு. அமைப்பு கண்ணில் படாவிட்டால் நிர்வாகியிடம் இந்த எண்ணையே சொல்லுங்கள். "மெதுவாக இருக்கிறது" என்று எழுதினால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது.

அதே விடுதியில் வி.பி.என். இணையவே மறுத்தால் வேறு காரணம்: யு.டி.பி. என்ற தரவு அனுப்பும் முறை அடைக்கப்பட்டிருக்கும். ஓபன்வி.பி.என். போன்றவற்றில் டி.சி.பி. 443-க்கு மாற்றும் வசதி இருந்தால் மாற்றுங்கள். வலைத்தளங்கள் போகும் அதே வாசல் என்பதால் அதை அடைத்துவைப்பது அவர்களுக்கும் கடினம்.

—

இணைப்பாளன்:

ரோமிங் செலவைக் குறைக்க: போனில் 'டேட்டா சேவர்' போட்டுப் பிரவுசருக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். படங்களைக் காப்புப் பிரதி எடுப்பது, செயலிப் புதுப்பிப்பு இரண்டையும் வைஃபைக்கு மட்டும் என்று வையுங்கள். செலவை இழுப்பவை பின்னணி வேலைகள்தான். வங்கிப் பக்கத்தில் ஒரு வேலையை முடிக்கச் சில எம்.பி. போதும். மடிக்கணினியை ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் விண்டோஸில் அந்த இணைப்பை 'மீட்டர்டு' என்று குறித்துவிட்டுத்தான் வேலை தொடங்குங்கள்.

ரோமிங்கில் பக்கம் மெதுவாக வருவதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சொந்த நாடு 8,000 கிலோமீட்டர் என்றால் போய்வரவே குறைந்தது 80 மில்லிவிநாடி. ஒரு பக்கம் திறக்க இப்படிப் பல முறை போய்வர வேண்டும்.

அடுத்த பயணத்துக்கு நிரந்தரமான வழி, வீட்டு ரவுட்டரிலோ எப்போதும் இயங்கும் சின்னக் கணினியிலோ வயர்கார்டு சர்வர் ஒன்றை வைப்பது. வெளியிலிருந்து அதன் வழியாகப் போனால் தளங்களுக்கு உங்கள் வீட்டு ஐ.பி.யே தெரியும். பொதுவான போர்ட் யு.டி.பி. 51820. வைப்பதற்கு முன் ரவுட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64-இல் தொடங்கி 100.127 வரையிலான எண்ணாக இருந்தால் உங்கள் நிறுவனம் பலரை ஒரே பொது முகவரியில் அடுக்கியிருக்கிறது. வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. அப்போது டெயில்ஸ்கேல் போன்ற வி.பி.என். சேவைகளில் வீட்டுக் கணினியை 'எக்ஸிட் நோட்' (இணையத்துக்குள் வெளியேறும் இடம்) ஆக்குவதுதான் சுலபம். கணினியில் அறிவித்தால் மட்டும் போதாது, நிர்வாகப் பக்கத்திலும் அனுமதி கொடுக்க வேண்டும். பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள்.

கிளம்புமுன் போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் இணைத்துச் சோதியுங்கள். வீட்டு வைஃபையிலிருந்தே சோதித்தால் எதுவும் நிரூபணமாகாது. வீட்டு உள்வலை 192.168.1 என்ற பொதுவான எண்ணில் இருந்தால் விடுதி வலையும் அதே எண்ணில் இருக்கக்கூடும். வீட்டுக் கருவிகளைத் தொட முடியாமல் போகும். 10-இல் தொடங்கும் அபூர்வமான எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். மின்சாரம் போய்வந்தால் கணினி தானாக எழும்படி அதன் பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்பில்) அமைப்பதையும் மறக்க வேண்டாம்.

—

வடகாற்று:

வீட்டு சர்வர் நல்ல யோசனைதான். ஆனால் எல்லோராலும் அதைப் பராமரிக்க முடியாது, வீட்டில் யாரும் இல்லாதபோது நின்றுபோனால் எழுப்ப ஆளில்லை. அதை ஒரே நம்பிக்கையாக வைத்துப் போகாதீர்கள். ரோமிங் சிம் கையில் இருக்கட்டும்.

வி.பி.என். சட்டத்தையும் பாருங்கள். சீனா, பெலாரஸ், துர்க்மெனிஸ்தான் போன்ற இடங்களில் அதற்குக் கட்டுப்பாடோ தடையோ உண்டு. போகும் நாட்டின் நிலையைக் கிளம்புமுன் பார்க்க வேண்டும். அங்கே போய் வி.பி.என். செயலியைத் தரவிறக்கலாம் என்றால் அந்தத் தளமே திறக்காது.

—

ஒற்றைப்பனை:

இதே இழையில் ஒன்று கேட்கலாமா? சீனாவில் இருக்கிறேன். ஒரு பயணப் பதிவுத் தளம் திறக்கிறது, பெயரும் கடவுச்சொல்லும் போடும் பெட்டிகளும் வருகின்றன. உள்நுழை பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. தளம் தடை செய்யப்படவில்லை என்றால் ஏன் இப்படி?

—

பாலைநிழல்:

தளம் தடைபடவில்லை, அது சார்ந்திருக்கும் ஒன்று தடைபட்டிருக்கிறது. உள்நுழைவுப் பக்கங்கள் பல, "நான் ரோபோ அல்ல" சோதனையைக் கூகுள் முகவரியிலிருந்து வரவழைக்கின்றன. சீனாவில் அந்த முகவரி திறக்காது. சோதனை வராததால் பொத்தான் உயிரில்லாமல் கிடக்கிறது. எஃப்12 அழுத்தி 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். சிவப்பாகவோ முடிவில்லாமல் 'பெண்டிங்' என்றோ நிற்கும் வரிகளின் முகவரியைப் பாருங்கள். கூகுள் பெயர் இருந்தால் காரணம் அதுதான். ரீகேப்ச்சா டாட் நெட் என்ற மாற்று முகவரியைக் கூகுளே தருகிறது, ஆனால் அதைத் தளத்தை நடத்துபவர்தான் பக்கத்தில் எழுத வேண்டும்.

உங்கள் பக்கம் செய்யக்கூடியது சொந்த நாட்டு சிம்மில் ரோமிங் டேட்டாவுக்கு மாறுவது. போக்குவரத்து சொந்த நாட்டில்தான் இணையத்துக்குள் இறங்குகிறது என்பதால் அங்குள்ள வடிகட்டி அதைத் தொடுவதில்லை. அந்தத் தளத்துக்குச் செயலி இருந்தால் அதையும் முயலுங்கள், பல செயலிகள் இந்தச் சோதனையைக் கேட்பதில்லை.

—

ஒற்றைப்பனை:

எஃப்12-இல் பார்த்தேன், நீங்கள் சொன்ன வரிதான் 'பெண்டிங்'கில் நின்றது. ரோமிங்கில் பொத்தான் வேலை செய்கிறது. மிக்க நன்றி.

—

மறைகுறி:

கடற்காகம், வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதிவிடுங்கள். வாடிக்கையாளர் வெளிநாட்டில் தன் கணக்கைத் தொட முடியாமல் நிற்பது அவர்கள் எழுதிய விதியின் விளைவு, அவர்களால் மட்டுமே அதைத் தளர்த்த முடியும். "தளம் திறக்கவில்லை" என்று ஒருவரி எழுதினால் குக்கீயை அழிக்கச் சொல்லிப் பதில் வரும்.

வங்கிக்கு எழுதும்போது பிழைப் பக்கத்தின் அடியில் இருக்கும் 'ரே ஐடி' என்ற நீண்ட குறியீட்டைப் பிசகாமல் நகலெடுத்துப் போடுங்கள். எந்த விதி உங்களைத் தடுத்தது என்று அவர்களின் தொழில்நுட்பக் குழு அதை வைத்துத் தேடி எடுக்க முடியும். வேறு சில சேவைகளின் மறுப்புப் பக்கத்தில் 'ரெஃபரன்ஸ்' என்று தொடங்கும் எண் இருக்கும், அதுவும் அதே வேலைக்குத்தான். கூடவே உங்கள் ஐ.பி., பிழை எண், திறந்த முழு முகவரி, உலகப் பொதுநேரத்தில் மணியும் நிமிடமும். உள்ளூர் நேரத்தை மட்டும் எழுதினால் பதிவேட்டில் தவறான இடத்தில் தேடுவார்கள். பழைய பதிவுகள் நீண்டநாள் தங்குவதில்லை என்பதால் பிழை வந்த அன்றே அனுப்புங்கள். பயனர் பெயரோ கணக்கு எண்ணோ தெரியும் திரைப்பிடிப்பை மின்னஞ்சலில் இணைக்க வேண்டாம், அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்.

காப்பீட்டுத் தளம் டைம் அவுட் என்பதால் குறியீடு எதுவும் கிடைக்காது. அங்கே, பாக்கெட் போகும் பாதையைக் காட்டும் 'ட்ரேசர்ட்' கட்டளையின் வெளியீட்டை எழுத்தாக நகலெடுத்து அனுப்புங்கள். பாதை அவர்கள் வாசல்வரை வந்து நிற்கிறதா, அதற்கு முன்பே நிற்கிறதா என்று அவர்களின் நெட்வொர்க் ஆள் ஓரளவு ஊகித்துக்கொள்வார்.